தலையெழுத்து அல்ல, தலைக்காயம்!

"எல்லாம் அவன் தலையெழுத்து!"

தோழர்களே! இந்தச் சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கெடார் கடைத்தெருவிலே, தேநீர்க்கடை விசுப்பலகையிலே உட்கார்ந்து ஏடு படித்துக்கொண்டிருக்கும் காலை வேளையிலே சேதி வரும். "ராத்திரி கரும்பு டிராக்டருக்குப் பின்னாலே போய் மோதிட்டானாம். தலையிலே அடியாம். முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டு போயிருக்காங்களாம்." கேட்டவரில் ஒருவர் உச்சுக்கொட்டுவார். மற்றவர் வானத்தைப் பார்ப்பார். மூன்றாமவர் தீர்ப்பே வழங்கிவிடுவார்: "என்னப்பா செய்யறது, அவன் தலையெழுத்து!"

தீர்ந்தது வழக்கு! டிராக்டரின் பின்புறத்திலே விளக்கில்லை. ஒளிபட்டால் மின்னும் சிவப்புத் தாள்கூட ஒட்டப்படவில்லை. அதைப்பற்றிப் பேச்சில்லை. தலையிலே இருக்கவேண்டிய கவசம் வண்டியின் கண்ணாடியிலே தொங்கிற்று. அதைப்பற்றியும் பேச்சில்லை. அடிபட்டவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, கழுத்து தொங்கத் தொங்க ஆட்டோவிலே திணித்தார்கள். அதுவும் பேச்சில்லை. குற்றவாளி ஒருவன்தான், அவன் பிரமன்! அவனைக் கூண்டிலே நிறுத்த முடியாது. ஆகவே மற்றக் குற்றவாளிகள் அத்தனை பேருக்கும் விடுதலை!

இந்தத் தலையெழுத்துப் பேச்சுக்கு ஆதாரம் காட்டுவோரும் உண்டு. மண்டை ஓட்டிலே வளைந்தும் நெளிந்தும் ஓடும் கோடுகளைக் காட்டி, "இதோ பார், எழுத்து!" என்பார்கள். அது எழுத்தல்ல, தோழர்களே, மூட்டு! மண்டை ஓடு ஒரே எலும்பால் ஆனதன்று. தச்சர் பலகையோடு பலகையைப் பல் வைத்துக் கோப்பதுபோல, பல எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட இடமே அந்தக் கோடு. கைக்குழந்தையின் தலையிலே மெத்தென்று இருக்கிறதே உச்சிக்குழி, அது அந்த எலும்புகள் இன்னும் கூடி முடியாத இடம். மூளை வளரவேண்டும், அதற்கு இடம் வேண்டும் என்று இயற்கை விட்டுவைத்த இடைவெளி. பிரமனின் கையெழுத்து என்று நமக்குக் காட்டப்பட்டது, எலும்பின் பொருத்து!

1949-ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950-லே, சீர்காழியிலே பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே அந்தப் பணியைத் தொடங்கினார். அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் எத்தனையோ மண்டை ஓடுகளைத் திறந்து பார்த்தார்கள். எழுத்தைக் கண்டவர் எவருமில்லை. கண்டதெல்லாம் இரத்தக்கட்டி, வீக்கம், நசுங்கிய சதை! கட்டியை எடுத்தார்கள்; அழுத்தத்தைக் குறைத்தார்கள்; "பிழைக்கமாட்டான்" என்று ஊர் கைவிட்டவன் எழுந்து நடந்தான். எழுத்தாக இருந்தால் அழிக்க முடியாது என்பார்கள். காயமாக இருந்ததால் அல்லவா ஆற்ற முடிந்தது!

ஆகவே, தலைக்காயம் என்றால் என்ன என்பதை நாம் முதலிலே தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு, தெரியாதோருக்குச் சொல்லவேண்டும். இதுவும் பகுத்தறிவுப் பணிதான்.

பனைமரம் நிறைந்த நம் விழுப்புரத்துச் சீமைக்காரனுக்கு இதை விளக்குவது எளிது. நுங்குக் காயை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கெட்டியான ஓடு. உள்ளே தளதளவென்று நுங்கு. ஓட்டிலே கீறல் விழாமலே காயை ஓங்கித் தரையிலே அடித்தால், உள்ளே இருக்கிற நுங்கு என்ன பாடுபடும்? மூளையும் அப்படித்தான். ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள மெத்தென்ற பொருள் அது; எலும்புப் பெட்டிக்குள்ளே தெளிந்த நீரிலே மிதந்துகொண்டிருக்கிறது. ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தவன் தலை தரையிலே மோதி நின்றுவிடுகிறது. ஆனால் மூளை நிற்பதில்லை! ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை மிதித்தால் பேருந்திலே நிற்பவர் முன்னே போய் விழுகிறாரே, அதுபோல மண்டை ஓட்டின் உட்சுவரிலே போய் மோதுகிறது. மோதிய வேகத்திலே பின்வாங்கி எதிர்ச்சுவரிலும் இடிபடுகிறது. தலை சுழன்று அடிபட்டாலோ, மூளைக்குள்ளே ஓடும் மெல்லிய நரம்பிழைகள் முறுக்கப்பட்டு, இழுபட்டு, அறுந்துபோகின்றன. இத்தனையும் நடந்திருக்கும், வெளியிலே ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமலிருக்கும்!

கையிலே அடிபட்டு வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மண்டை ஓடு அப்படி விரிந்துகொடுக்காது. உள்ளே இரத்தம் கசிந்தாலும், மூளையே வீங்கினாலும், போக இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது. ஏற ஏற, மூச்சை நடத்துகின்ற மூளைத்தண்டு நசுங்குகிறது. "இரத்தமே வரவில்லை, பயமில்லை" என்று சொல்கிறோமே, அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது இப்போது புரிகிறதா?

மூளை போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2008 செப்டம்பரிலே கண்ணீரோடு கண்டது. திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஹிதேந்திரன் இருசக்கர வண்டி விபத்திலே தலையில் அடிபட்டான். அவன் இதயம் துடித்தது, கல்லீரல் இயங்கியது, சிறுநீரகம் வேலை செய்தது. மூளை மட்டும் மாண்டுபோயிற்று. இனி மீட்சியில்லை என்று அறிந்த அவனுடைய பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைப் பிறர் வாழக் கொடுத்தார்கள். அவன் இதயம் சென்னையிலே ஒரு சிறுமியின் மார்பிலே துடித்தது. அந்தப் பெற்றோரின் நெஞ்சத்தைப் போற்றாதவர் யார்? அந்த நிகழ்ச்சி இன்னொரு பாடத்தையும் சொல்லாமற் சொல்லிற்று. அத்தனை உறுப்பும் நலமாக இருந்தும், அந்த 1,400 கிராம் போனால் ஆள் போனான்! அதைத்தான் நாம் கண்ணாடியிலே தொங்கும் கவசத்தை நம்பி வெயிலிலே காயவிட்டுத் திரிகிறோம்.

இனி, ஒரு கொடிய ஏமாற்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கிறதே பொட்டு, அங்கே எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறமாக ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்தால் அந்தக் குழாய் அறுந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் தேங்கும். அடிபட்டவன் சற்று நேரம் மயங்கிக் கிடக்கிறான். பிறகு எழுந்து உட்காருகிறான்! தண்ணீர் கேட்கிறான், பேசுகிறான், "ஒன்றுமில்லை அண்ணே, நான் வீட்டுக்குப் போகிறேன்" என்கிறான். ஊரார் மகிழ்ந்து சோடா வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் போனவன் "தலை வலிக்குது" என்று படுக்கிறான். "தூங்கட்டும், அசதி" என்கிறாள் தாய். உள்ளே இரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. விடிந்து எழுப்பினால் எழவில்லை! பிழைக்க முடியாத காயமா அது? இல்லை! நேரத்தோடு எடுத்துப்போனால், ஓட்டைத் திறந்து இரத்தத்தை வெளியேற்றி முழு மனிதனாக வீட்டுக்கு அனுப்பத்தக்க காயம் அது. ஒரே ஓர் இரவு அறியாமையால் ஓர் உயிர்!

பெரியவர்கள் செய்தி வேறு. குளியலறையிலே வழுக்கித் தலையிலே இலேசாக இடித்துக்கொள்கிறார் தாத்தா. அன்றைக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, பேரன் பெயர் மறக்கிறது. "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று திண்ணையிலே கிடத்திவிடுகிறோம். அது வயதாக இல்லாமலிருக்கலாம். மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தமாக இருக்கலாம். அதை வடித்துவிட்டால் தாத்தா பேரனைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் மருத்துவரல்லவே? 1974-லே ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிலே டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோல் கண்டார்கள். கண் திறக்கிறதா? பேச்சு வருகிறதா? சொன்னபடி கைகால் அசைகிறதா? மூன்றே கேள்வி! முழு மதிப்பெண் 15, அடிமட்டம் 3, 8 அல்லது அதற்குக் கீழே என்றால் உயிருக்கே ஆபத்து. உலகெங்கும் மருத்துவமனைகளிலே இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். மதிப்பெண் போடுவது மருத்துவர் வேலை. ஆனால், "விழுந்தவுடன் கண் திறந்திருந்தான்; பெயர் சொன்னான்; அரை மணி கழித்துக் குழறினான்" என்று பார்த்ததைப் பார்த்தபடி மருத்துவரிடம் சொல்வது நம் வேலை. அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பெரும் துணை.

அடுத்து, அடையாளங்களை மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். சிறிது நேரமேனும் நினைவிழப்பு. திரும்பத் திரும்ப வாந்தி. ஏறிக்கொண்டே போகும் தலைவலி. எழுப்பினாலும் தெளியாத மயக்கத் தூக்கம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது. வலிப்பு. ஒரு கை, ஒரு கால் சோர்வது. ஒரு கண்ணின் பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது. மூக்கிலோ காதிலோ இரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வடிவது. இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக் கூடாது, சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். 1971-லே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலப் பொறியாளரின் கருவியைக் கொண்டு முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. அதற்குமுன் மண்டைக்குள்ளே என்ன நடக்கிறதென்று மருத்துவர் பெரும்பாலும் ஊகிக்கத்தான் வேண்டியிருந்தது. இன்றோ சில நிமிடங்களிலே படம் சொல்லிவிடுகிறது. கண்ணாலே காணும் வசதி வந்த பிறகும் "குடித்துவிட்டு உளறுகிறான், படுக்கட்டும்" என்று விடுவது நியாயமா? குடித்தவனுக்கும் தலைக்காயம் படும், தோழர்களே! சாராய வாடை அடிக்கிறது என்பதற்காக ஓர் உயிரை ஓரமாக உருட்டிவிடாதீர்கள்.

சாலையிலே ஒருவன் விழுந்து கிடக்கிறான். என்ன செய்வீர்கள்? முதலிலே 108. அந்த வண்டி 2008 செப்டம்பரிலே, கலைஞர் ஆட்சியிலே தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு வந்தது. அது வரும்வரை, கழுத்தை ஆட்டாதீர்கள். தலைக்கு அடி என்றால் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். நகர்த்தித்தான் தீரவேண்டுமென்றால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே பலகைபோல இருக்கும்படி, பலர் சேர்ந்து ஒரே மூச்சிலே நகர்த்துங்கள். வாந்தி எடுத்தால் அப்படியே ஒருக்களித்துத் திருப்புங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயிலே போய் அடைக்கும். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். எலும்பு உள்ளே அமுங்கியிருந்தால் அழுத்தாமல் மூடிமட்டும் வையுங்கள். சோடா வேண்டாம், காப்பி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். காயத்திலே காப்பித்தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம். வலிப்பு வந்தால் கையிலே சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்த உறவும் கிடையாது. சுற்றிலும் கும்பல் கூடிக் கைப்பேசியிலே படம் பிடிக்கவும் வேண்டாம்!

"தூக்கிப்போனால் போலீஸ் நம்மையல்லவா பிடித்துக்கொள்ளும்?" என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு வேலையில்லை. 2016 மார்ச் 30-லே உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-லே மோட்டார் வாகனச் சட்டத்திலே 134-ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கில்லை. பெயரைச் சொல் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தைக் கட்டு என்று மருத்துவமனை அவரை நிறுத்திவைக்க முடியாது.

"பணம்?" என்பீர்கள். ஏழையின் நெஞ்சிலே எழும் முதற் கேள்வி அதுதானே! 2021 டிசம்பர் 18-லே மேல்மருவத்தூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சாலை விபத்திலே அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர மருத்துவம், 1 லட்சம் ரூபாய் வரை, இலவசம் என்பது தொடக்கத்திலேயே வகுத்த விதி. காப்பீட்டு அட்டை உண்டா என்ற கேள்வியில்லை; எந்த மாநிலத்தான் என்ற கேள்வியுமில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள்ளே அடிபட்டான், அவன் மனிதன், அது போதும்! சாதி கேட்டுத் தண்ணீர் ஊற்றிய நாட்டிலே, ஊர்கூடக் கேட்காமல் உயிர் காக்கும் திட்டம் வந்ததென்றால், அதிலே இந்த இயக்கம் பேசிய கொள்கையின் பயனும் இருக்கிறது.

ஆனால், தோழர்களே, திட்டம் வந்தாயிற்று என்று நாம் கைகட்டி நிற்கலாமா? அடிபட்ட பிறகு காப்பாற்றுவது அரசின் கடமை. அடிபடாமல் காத்துக்கொள்வது நம் கடமையல்லவா? மத்திய அரசே வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டிலே இந்தியாவிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். அதே ஆண்டிலே இந்தியா முழுவதிலும் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியிலே போய் மாண்டவர் 50,029 பேர். அவர்களிலே 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். கவசம் ஓட்டுகிறவனுக்கு மட்டும் என்று நினைக்கிறோமே, மனைவி தலை மரக்கட்டையா? மகன் தலை கருங்கல்லா?

கவசத்தின் கதை ஒரு வீரனின் சாவிலே தொடங்கிற்று. முதல் உலகப்போரிலே அரேபியப் பாலைவனத்திலே புகழ்பெற்ற ஆங்கிலப் படைத்தலைவர் லாரன்ஸ், 1935 மே 13-லே மோட்டார் சைக்கிளிலே போகும்போது, இரண்டு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி விழுந்தார். தலையிலே கவசமில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46 வயதிலே மாண்டார். துப்பாக்கிக்குத் தப்பியவர் சாலைக்குத் தப்பவில்லை! அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். "ஐயோ, விதி!" என்று அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. படையிலே மோட்டார் சைக்கிளிலே செய்தி கொண்டுபோகும் வீரர்கள் எத்தனை பேர் தலையிலே அடிபட்டுச் சாகிறார்கள், கவசம் அணிந்தவன் கதி என்ன, அணியாதவன் கதி என்ன என்று கணக்கெடுத்தார். 1941-லே ஆய்வை வெளியிட்டார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் படை மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கவசத்தால் சாவு 100-க்கு 42 பங்கும், தலைக்காயம் 69 பங்கும் குறைகின்றன என்று கண்டார்கள்.

கவசம் என்ன மந்திரமா செய்கிறது? ஒன்றுமில்லை. மேலே கெட்டி ஓடு, உள்ளே தெர்மாக்கோல். மோதும்போது அந்தத் தெர்மாக்கோல் நசுங்குகிறது. மூளை நசுங்குவதற்குப் பதிலாக அது நசுங்கிக்கொடுக்கிறது. அவ்வளவுதான் தத்துவம். ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை மாற்றிவிட வேண்டும் என்பதும் அதனால்தான். சாலையோரத்திலே மலிவாகக் கிடைக்கும் வெற்று ஓடு போலீசைத்தான் ஏமாற்றும், தார்ச்சாலையை ஏமாற்றாது! ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், ஐ.எஸ். 4151 என்ற எண் பாருங்கள், தாடைநாடாவைப் பூட்டுங்கள். கட்டட வேலைக்குக் கொடுக்கிற மஞ்சள் தொப்பி வண்டிக்கு உதவாது. அது மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்தது.

இங்கே நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மாநாடு என்றால் நாம் எப்படிப் புறப்படுகிறோம்? ஒரு வண்டியிலே மூன்று பேர்; முன்னவன் கையிலே கைப்பிடி, பின்னவன் கையிலே கொடி; ஒரு தலையிலும் கவசமில்லை! தலைவர் பேச்சைக் கேட்கப் போகிறோம். கேட்பதற்குத் தலை வேண்டாமா? கரைவேட்டியைக் கண்டு காவலர் கை ஓங்கத் தயங்கலாம், கருங்கல் தயங்குமா? சட்டம் செய்ய வாக்குக் கேட்கிற நாம், சட்டத்தை முதலிலே தலையிலே அணிந்து காட்ட வேண்டாமா? கொடி கட்டிய வண்டி ஒவ்வொன்றிலும் இரண்டு கவசம் என்று ஒவ்வொரு கிளையும் முடிவெடுத்தால், ஊர் நம்மைப் பார்த்துப் படிக்கும். ஊர்வலத்திலே ஒரு தோழன் விழுந்து, அவன் வீட்டுக்கு மாலையோடு போய் நிற்பதைவிட, அவன் தலையிலே கவசத்தை மாட்டி அனுப்புவது பெரிய மரியாதை!

சாலை மட்டுந்தானா? உழைப்பாளியின் தலைக்கு ஆபத்து உயரத்திலும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் சாரத்தின்மீது நின்று பூசுகிறானே நம் ஊர்க் கொத்தனார், அவன் இடுப்பிலே கயிறு உண்டா? கீழே வலை உண்டா? பனையேறுகிற தோழனுக்குப் பாதுகாப்புக் கச்சை உண்டா? வேலையின்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-லேயே வந்த சட்டம். 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த நெறி இருக்கிறது. "ஏதோ கால் தவறிட்டான், இந்தா ஐயாயிரம்" என்று மேஸ்திரி நீட்டுவது இழப்பீடல்ல; வாய்ப்பூட்டு! கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. அதிலே பதிவு செய்யாத தோழர் நம் கிளையிலே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோமா?

இனி, எல்லாரும் மறந்துவிடுகிற பகுதிக்கு வருகிறேன். பிழைத்துவிட்டவன் கதை! அவனைப் பற்றி ஏடு எழுதுவதில்லை, மேடை பேசுவதில்லை.

அப்படி ஒரு கொத்தனாரை எண்ணிக்கொள்ளுங்கள். சாரத்திலிருந்து விழுந்தார், பிழைத்தார், தையல் பிரித்து வீட்டுக்கு வந்தார். பார்க்க நன்றாக இருக்கிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. குழந்தை அழுதால் சகிக்கவில்லை. தட்டைத் தூக்கி எறிகிறார். சிரித்த மனிதர் சீறுகிறார். அல்லது ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சமையல் வாசனை தெரியவில்லை. கொஞ்சம் வேலை செய்தாலே சோர்ந்துவிடுகிறார். ஊர் என்ன சொல்கிறது? "வேலைக்குப் போகாமலிருக்க நாடகம்." "குடிச்சுக் கெட்டுட்டான்." "விழுந்த இடத்திலே காத்து கருப்பு அண்டிடுச்சு." மல்லாட்டை விற்ற காசு மந்திரவாதிக்குப் போகிறது, வேப்பிலை அடி விழுகிறது, ஏற்கெனவே அடிபட்ட அந்தத் தலையின்மீதே! அந்தோ, மனைவி! கணவனை இழந்தவள் என்று சொல்லவும் முடியவில்லை; பழைய கணவன் இருக்கிறான் என்று சொல்லவும் முடியவில்லை.

அது நாடகமல்ல, பேயுமல்ல. அமெரிக்காவிலே 1848 செப்டம்பர் 13-லே, இரயில்பாதை போடும் வேலையிலே ஃபினியாஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரி, பாறைக்கு வெடிமருந்து கெட்டித்துக்கொண்டிருந்தான். மருந்து வெடித்தது. மூன்றரை அடி நீளமுள்ள இரும்புக் கம்பி அவன் கன்னத்திலே புகுந்து, உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது! அவன் சாகவில்லை, பேசினான், நடந்தான். ஆனால், அமைதியும் பொறுப்பும் உள்ள அந்த வேலைக்காரன், பொறுமையற்றவனாக, வாய்க்கு வந்ததைப் பேசுபவனாக மாறிவிட்டான் என்று அவனுக்கு மருத்துவம் பார்த்தவர் எழுதிவைத்தார். பழைய வேலையிலே அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மனிதனின் குணத்துக்கும் மூளையிலே இடமுண்டு என்பதை மருத்துவ உலகம் அந்தத் தொழிலாளியின் காயத்திலிருந்தும் கற்றது. அத்தோடு கதை முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவன் சிலி நாட்டுக்குப் போய்க் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான். ஒழுங்கான வேலை, ஒரே மாதிரியான நாள், பொறுமையுள்ள சூழல் ஆகியவை கிடைத்தால் காயப்பட்ட மூளையும் புதுவழி கற்கிறது!

ஆகவே, பிழைத்து வந்த தோழனுக்கு என்ன செய்யலாம்? ஒரு நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுங்கள். மறப்பதைச் சீட்டிலே எழுதிச் சுவரிலே ஒட்டுங்கள். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள். மது ஒரு சொட்டும் வேண்டாம். உயரத்திலே ஏறுவதையும் வண்டி ஓட்டுவதையும் மருத்துவர் சரியென்னும்வரை தள்ளிப்போடுங்கள். கைகால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, மனநல மருத்துவம் மூன்றும் கேட்டு வாங்கவேண்டியவை. வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தர 2021 ஆகஸ்டிலே 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. முண்டியம்பாக்கத்திலே 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாண்டிச்சேரியிலே ஜிப்மர் இருக்கிறது. மந்திரவாதி வீட்டு வாசலைவிட இந்த வாசல்கள் அருகிலே இருக்கின்றன!

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலிலே தலைக்காயத்தால் வரும் மூளைப் பாதிப்புக்குத் தனிப்பெயர் இல்லை. கை விழுந்தால் கைக்கணக்கு. பேச்சுப் போனால் பேச்சுக்கணக்கு. நினைவும் நிதானமும் போனவன் எந்தக் கணக்கிலே நிற்பான்? அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். பட்டியலிலே அந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் குரல் எழவேண்டும். மாவட்டந்தோறும் மூளைக்காயம் பட்டவருக்கு மறுவாழ்வு மையம் வேண்டும். கரும்பு ஏற்றும் வண்டி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒளிரும் தாள் ஒட்டப்படவேண்டும். இதற்கு ஆலை முதலாளி பொறுப்பேற்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகளா? ஒரு தலையின் விலையைவிட ஒரு சிவப்புத் தாளின் விலை அதிகமா?

கெடார்க் கடைத்தெருவிலே நாளைக்கும் ஒரு சேதி வரலாம். வரக்கூடாது என்பதே நம் ஆசை, ஆனாலும் வரலாம். அப்போது விசுப்பலகையிலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் "தலையெழுத்து" என்று தொடங்குவார். நீங்கள் ஏட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். "பெரியவரே, அது எழுத்தல்ல, காயம். எப்போது விழுந்தான்? கண் திறந்தானா? வாந்தி எடுத்தானா? 108-க்குச் சொல்லியாயிற்றா?" என்று கேளுங்கள்.

அந்த நான்கு கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவன் ஊருக்கு ஒருவனாக இருந்தால், எத்தனை தாய்மார் பிள்ளையை இழக்காமலிருப்பார்கள்! அந்த ஒருவன் நம் தோழனாக இருக்கட்டும். போகும்போது மறக்காமல் அவன் தலையிலே கவசமும் இருக்கட்டும்!